முடியாத நாளுக்கும் ஒரு வழி

(நம் டிரஸ்டின் மாதாந்திரக் குடும்பச் சந்திப்பில் அஸர் தொழுகைக்குப் பின் நிகழ்த்தப்பட்ட உரை. வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே வெளியிடப்படுகிறது.)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே, மாடியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, பிள்ளைகளே!

"திட்டமிட்ட குடும்ப வாழ்க்கை" என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். நான் ஆலிம் இல்லை. 31 வருஷம் அரிசி மண்டியில் கணக்கு எழுதியவன். இப்போது வாரத்தில் இரண்டு நாள் நம் டிரஸ்டின் உதவி மேசையில் உட்கார்ந்து மனுக்களை எழுதிக் கொடுக்கிறேன். மார்க்க விஷயத்தில் ஏதாவது தவறாகச் சொன்னால், முன்வரிசையில் இருக்கும் ஹஜ்ரத் அவர்கள் உடனே திருத்தட்டும்.

தலைப்புக்கு வருமுன் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் மனைவியிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் சொல்கிறேன்.

ஐந்து பவுன் சங்கிலி

2012 ஜூன் மாதம். என் மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்தது. ஒரு வாரத்துக்குள் பணம் கட்ட வேண்டும். கையில் இல்லை. என் மனைவியின் ஐந்து பவுன் சங்கிலியைக் கேட்டேன். அது அவருக்கு நான் மஹராகக் கொடுத்தது. மஹர் பெண்ணுடைய சொந்தச் சொத்து. வாங்கிக்கொள்ள எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனாலும் கேட்டேன், அவரும் கழற்றிக் கொடுத்தார். அதை அடகு வைத்து 60,000 ரூபாய் வாங்கினேன். பன்னிரண்டு மாதத் தவணை. வட்டிக்கு வைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அதுதான் முதல் தவறு. அதற்காக இன்றுவரை அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக் கேட்கிறேன்.

அடுத்த ரமளானுக்கு முன் நகையை மீட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். மனதில் உறுதியும் இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்து வந்ததும் 1,000 ரூபாயை ஒரு பால்மாவு டப்பாவில் போட்டேன். ஏழு மாதம் ஒரு வாரம் கூட விடவில்லை. டப்பாவில் 31,000 ரூபாய் சேர்ந்துவிட்டது.

2013 பிப்ரவரியில் என் காக்காவுக்கு உடம்பு முடியாமல் சென்னையில் சேர்த்தார்கள். நான்தான் கூட இருந்தேன், இரண்டு மாதம். டப்பாப் பணம் அங்கே போனது. அதற்கு நான் வருந்தவில்லை. கூடப்பிறந்தவனுக்குச் செலவழித்த காசு அது.

வருந்துவது அதற்குப் பிறகு நடந்ததற்கு. ஊர் திரும்பினேன். முதல் வெள்ளிக்கிழமை கையில் 300 ரூபாய்தான் மிஞ்சியது. "300 போட்டு என்ன ஆகப்போகிறது, அடுத்த வாரம் சேர்த்துப் போடலாம்" என்று விட்டேன். அடுத்த வாரமும் அப்படித்தான். ஒரு மாதத்தில் அந்தப் பழக்கமே போய்விட்டது. டப்பாவைப் பார்த்தாலே மனசு சங்கடப்பட்டது. அலமாரிக்குள் தள்ளி வைத்துவிட்டேன்.

இதற்கிடையில் வாடகை வீடு மாறியிருந்தோம். அடகுச் சீட்டு மண்டியில் என் மேசை டிராயரில் கிடந்தது. எந்தக் கடையில் வைத்தேன், தவணை என்றைக்கு என்பது என் மனைவிக்குத் தெரியாது. வளைகுடாவில் இருந்த மகனுக்கும் தெரியாது. ஏல அறிவிப்பு பழைய வீட்டு முகவரிக்குப் போயிருக்கிறது. நவம்பரில் ஒருநாள் மனதைத் தேற்றிக்கொண்டு போய்க் கேட்டால், சங்கிலி ஏலத்தில் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது என்றார்கள். கடனும் வட்டியும் செலவும் போக மிச்சம் என்று 11,000 சொச்சம் ரூபாய் கையில் கொடுத்தார்கள். (இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஏலத்தில் கடன் பாக்கிக்கு மேல் வந்த பணம் அடகு வைத்தவருக்குச் சேர வேண்டியது. கேட்டு வாங்க வேண்டும்.)

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் அழுதார். "நகை போச்சுன்னு அழல. தேதி தெரிஞ்சிருந்தா மகன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருப்பேன்ல? என்கிட்ட ஏன் சொல்லல?" இவ்வளவுதான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

எது இல்லாமல் போனது?

பல ராத்திரி இதை யோசித்தேன். எனக்கு இலக்கு இல்லாமல் இல்லை. ரமளானுக்குள் மீட்க வேண்டும் என்று தெளிவாக இருந்தது. பழக்கமும் இருந்தது, வாரம் தவறாமல் போட்டேன். பிறகு ஏன் நகை போயிற்று?

மண்டியை நினைத்துப் பார்த்தேன். அங்கே நான் பத்து நாள் காய்ச்சலில் படுத்தாலும் ஒரு மூட்டை கூடக் கணக்கில் தப்பாது. அன்றன்றைய வரவு செலவு சிட்டையில் இருக்கும். அது பேரேட்டில் ஏறியிருக்கும். முதலாளி பேரேட்டைப் பிரித்தால் எந்தக் கடைக்காரர் எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குத் தருவதாகச் சொன்னார் என்று தெரிந்துவிடும். நான் வராத நாளில் யார் சிட்டை எழுத வேண்டும் என்பதும் முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. அடுத்தவர் கடையில் இதையெல்லாம் 31 வருஷம் ஒழுங்காகச் செய்தவன், என் வீட்டில் செய்யவில்லை. எல்லாம் என் தலைக்குள் இருந்தது. நான் சென்னைக்குப் போனபோது அதுவும் என்னோடு சென்னைக்குப் போய்விட்டது.

மண்டியில் இருந்ததை நான் "ஏற்பாடு" என்று சொல்கிறேன். இலக்கு என்பது போய்ச் சேர வேண்டிய இடம். பழக்கம் என்பது நல்ல நாளில் நாம் நடக்கும் நடை. நம்மால் நடக்க முடியாத நாளிலும் காரியம் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது ஏற்பாடு. நம் குடும்பங்களில் இலக்குக்குப் பஞ்சமே இல்லை. மகனைப் படிக்க வைக்கணும், ஹஜ்ஜுக்குப் போகணும், கடனை அடைக்கணும். நல்ல பழக்கங்களும் நிறைய இருக்கின்றன. ஆனால் ஒரு காய்ச்சல், ஒரு மவுத்து, ஒரு வேலை இழப்பு வந்தால் எல்லாம் கலைந்துவிடுகிறது. உதவி மேசையில் நான் பார்க்கும் பாதிக் கண்ணீர் இப்படி வந்ததுதான்.

தொழுகை நமக்குக் காட்டும் பாடம்

இது எங்கேயோ வெளியிலிருந்து கற்க வேண்டிய வித்தை இல்லை. தினம் ஐந்து வேளை நாம் செய்வதைக் கொஞ்சம் கவனித்தால் போதும்.

தொழுகைக்கு நிய்யத் இருக்கிறது, வக்து இருக்கிறது. அதோடு நிற்கவில்லை. வக்தை நாம் மறந்தாலும் நினைவூட்ட பாங்கு இருக்கிறது. தனியாகச் சோம்பிப் போகாமல் இருக்க ஜமாஅத் இருக்கிறது. தண்ணீர் இல்லையென்றால், அல்லது தண்ணீர் பட்டால் நோய் கூடும் என்றால் தயம்மும். பயணத்தில் நான்கு ரக்அத் இரண்டாகச் சுருங்குகிறது. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், உட்கார முடியாதவர் படுத்துத் தொழலாம். நோன்பிலும் இப்படித்தான். நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் நோற்கலாம்; இனி நோற்கவே முடியாத முதியவர் ஏழைக்கு உணவு கொடுக்கலாம்.

"முடிந்தால் முழுசாகச் செய், முடியாவிட்டால் விட்டுவிடு" என்று மார்க்கம் நம்மைக் கைவிடவில்லை. முடியாத நாளுக்கும் ஒரு வழியை முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கிறது. எனக்கு அந்த வெள்ளிக்கிழமை கையில் 300 ரூபாய் இருந்தது. 300 ரூபாயைப் போட்டுவிட்டு, "இந்த வாரம் கசர்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தால் டப்பா அலமாரிக்குள் போயிருக்காது.

ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு சம்பவத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கைபரிலிருந்து திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் இரவு நெடுநேரம் பயணம் செய்து களைத்துப்போய் ஓரிடத்தில் இறங்கினார்கள். சுப்ஹு தவறிவிடக் கூடாது என்பதற்காக, விழித்திருந்து காவல் காக்கும் பொறுப்பை பிலால் (ரலி) அவர்களிடம் கொடுத்தார்கள். பிலால் (ரலி) தொழுதுகொண்டே விழித்திருந்தார்கள். விடியல் நெருங்கும்போது, கிழக்கு வெளுப்பதைப் பார்ப்பதற்காக அந்தப் பக்கம் திரும்பித் தம் ஒட்டகத்தில் சாய்ந்தார்கள். அப்படியே கண் அயர்ந்துவிட்டார்கள். வெயில் மேலே பட்டபோதுதான் எல்லோரும் விழித்தார்கள்.

அப்புறம் என்ன நடந்தது? பிலால் (ரலி) அவர்களைத் திட்டவில்லை. "போச்சே" என்று உட்கார்ந்து புலம்பவும் இல்லை. அந்த இடத்தை விட்டுக் கொஞ்சம் நகரச் சொன்னார்கள். ஒளுச் செய்தார்கள். பிலால் (ரலி) இகாமத் சொல்ல, ஜமாஅத்தாகத் தொழ வைத்தார்கள். தொழுகையை மறந்தவர் நினைவு வந்ததும் தொழுதுகொள்ள வேண்டும் என்று கற்றுக் கொடுத்தார்கள்.

இதிலிருந்து நான் இரண்டு விஷயம் எடுத்துக்கொண்டேன். முதலாவது, பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். "யாராவது எழுப்புவார்கள்" என்று விடவில்லை. இரண்டாவது, எவ்வளவு நல்லவர் பொறுப்பேற்றாலும் ஒருநாள் தவறலாம். தவறியவுடன் என்ன செய்வது என்று தெரிந்திருந்தால் அந்தத் தவறு அன்றோடு நிற்கும். எனக்கு அது தெரியாததால் ஒரு வாரத் தவறு ஏழு மாதத் தவறாக வளர்ந்தது.

அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான அமல், குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவதே என்ற கருத்தில் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தொடர்ந்து செய்ய வேண்டுமென்றால், குறைவாகச் செய்யும் நாளை நாம் கேவலமாக நினைக்கக் கூடாது.

குர்ஆனின் மிக நீளமான வசனம்

குர்ஆனில் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். சொர்க்கம், நரகம் என்று சொல்வார்கள். சூரத்துல் பகராவின் 282-ஆவது வசனம் அது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறியதோ பெரியதோ, தவணையோடு எழுத வேண்டும், கடன் வாங்கியவர் வாசகத்தைச் சொல்ல வேண்டும், சாட்சிகள் வேண்டும் என்கிறது. இங்கேயும் முடியாத நாளுக்கு வழி இருக்கிறது. வாங்கியவரால் வாசகம் சொல்ல இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும். பயணத்தில் எழுதுபவர் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதை அடுத்த வசனம் சொல்கிறது.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் ஒரு பத்திரம் அவர்களிடம் வந்ததாம். "ஷஅபானில் தர வேண்டியது" என்று மட்டும் அதில் இருந்தது. எந்த ஷஅபான், போனதா வரப்போவதா என்று கேட்டார்கள் என்று வரலாற்று நூல்களில் வருகிறது. ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு ஏற்பட்டதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். "அடுத்த மாசம் தந்துடறேன் மச்சான்" என்று நாம் வாயால் சொல்கிறோமே, அந்த அடுத்த மாசம் எது?

கடன் சாதாரண விஷயம் இல்லை. ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, இவர் மீது கடன் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். உண்டு என்றதும், நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பிறகே தொழ வைத்தார்கள். புகாரியில் வருகிறது. இன்று நம் ஊரில் ஜனாஸாவை வைத்துக்கொண்டு, "மையித்துக்குக் கடன் இருந்தால் வாரிசுகளிடம் சொல்லுங்கள்" என்று அறிவிக்கிறோம். நல்ல வழக்கம். ஆனால் அந்த நேரத்தில் மனைவி மக்களுக்கு எதுவும் தெரியாவிட்டால்?

சென்ற வருஷம் ஒரு சகோதரி நம் மேசைக்கு வந்தார். கணவர் திடீரென மவுத்தாகிவிட்டார். நாற்பது நாளுக்குள் நான்கு பேர் வந்து "எங்களுக்குத் தரணும்" என்றார்கள். இருவர் சொன்னது உண்மை என்று பின்னால் தெரிந்தது. மற்ற இருவர் விஷயத்தில் இன்றும் அவருக்கு நிம்மதி இல்லை. கணவருக்கு வர வேண்டிய பணமும் எங்கோ இருக்கிறது. யாரிடம் என்று தெரியவில்லை. "கொடுக்க மாட்டேன்னு சொல்லல காக்கா. எது ஹலாலான கடன்னு தெரியாம பிள்ளைங்க காசை எப்படி எடுத்துக் கொடுக்கிறது?" என்று கேட்டார். ஒரு தாளில் ஐந்து வரி எழுதி வைத்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

மூன்று கேள்விகள்

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். நம் வீட்டில் முக்கியமான எந்தக் காரியத்தையும் எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். இது நாம் மறந்தாலும் எப்படி நம் கண்ணில் படும்? நான் இல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? முடியாத நாளில் குறைந்தபட்சம் எதைச் செய்வோம்?

பள்ளிக்கூடக் கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜூனிலும் வருகிறது. ஆனால் ஒவ்வொரு வருஷமும் திடீரென வந்ததுபோலத் தவிக்கிறோம். பெருநாள் துணிமணி, வீட்டு வரி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாமே தெரிந்த செலவுகள்தான். யூசுப் (அலை) அவர்கள் ஏழு வருஷப் பஞ்சம் வரப்போகிறது என்று தெரிந்ததும், விளைச்சல் காலத்திலேயே சாப்பாட்டுக்குப் போக மிச்சத்தைக் கதிரோடு சேமிக்கச் சொன்னார்கள். நாமும் வருஷத்துச் செலவைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, சம்பளம் வந்த அன்றே எடுத்து வைக்கலாம். 12,000 கட்ட வேண்டுமென்றால் மாதம் 1,000. முடியாத மாதம் 100 ரூபாயாவது அந்த உறையில் போக வேண்டும். உறை காலியாகக் கிடந்தால் கை அதை மறந்துவிடும்.

"கூலி வேலை, பீடி சுற்றும் வீடு, எங்களிடம் ஏது மிச்சம்?" என்று மேலேயிருந்து யாரோ கேட்பது எனக்குப் புரிகிறது. நியாயமான கேள்வி. ஏற்பாடு செய்வதால் வருமானம் கூடிவிடாது. ஆனால் எவ்வளவு குறைகிறது என்பதை ஜூனில் அல்ல, மார்ச்சிலேயே காட்டிவிடும். மார்ச்சில் நம் பைத்துல்மாலுக்கு வந்து சொன்னால் வட்டியில்லாக் கடனுக்கோ உதவித்தொகைக்கோ ஏற்பாடு செய்ய நேரம் இருக்கிறது. கடைசித் தேதிக்கு முந்தின நாள் வந்தால் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாமல், அந்தச் சகோதரி நேரே அடகுக் கடைக்கோ வாராவாரம் வசூலுக்கு வருபவரிடமோ போகிறார். உதவி கேட்பது வெட்கம் இல்லை. சீக்கிரம் கேளுங்கள்.

ஸகாத்துக்கும் ஒரு தேதி வேண்டும். உங்கள் பொருள் நிஸாபை எட்டிய சந்திரமாதத் தேதியை எழுதி வையுங்கள். ஆங்கிலத் தேதியை வைத்தால் ஒவ்வொரு வருஷமும் சுமார் 11 நாள் தள்ளிப்போகும். அந்தத் தேதி தெரியாததால்தான் நாற்பதில் ஒரு பங்கைக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டிய கடமை, ரமளான் இருபத்தேழில் கைக்கு வந்த சில்லறையைக் கொடுப்பதாகச் சுருங்கிவிடுகிறது.

வயதானவர்களின் மருந்து. சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் தீர்ந்த பிறகுதான் வாங்க நினைக்கிறோம். கடைசி அட்டையைப் பிரிக்கும் நாளே வாங்கும் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டின் நகல் மகன் கைப்பேசியிலும் இருக்கட்டும்.

குர்ஆன் ஓதுவதும் அப்படியே. ஒரு நாளைக்கு ஒரு ஜுஸ்உ என்று ரமளானில் ஆரம்பித்து, ஷவ்வால் பிறை பார்த்ததும் மூடி வைப்பவர்கள் நாம். சுப்ஹுக்குப் பின் ஒரு பக்கம், முடியாத அன்று மூன்று வசனம் என்று வைத்துக்கொண்டால் முஸ்ஹஃப் தூசி பிடிக்காது.

யார் தலையில் இருக்கிறது?

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. "எங்க வீடு நல்லாத்தான் ஓடுது" என்று சிலர் நினைக்கலாம். எப்படி ஓடுகிறது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். கேஸ் எப்போது தீரும், யாருக்கு எந்தத் தடுப்பூசி, எந்தக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய், எந்தப் பிள்ளைக்கு எந்தப் பரீட்சை, இது எல்லாம் வீட்டு அம்மாவின் தலையில் இருக்கிறது. அவர்தான் நம் வீட்டின் சிட்டை, பேரேடு எல்லாம். அவர் நான்கு நாள் படுத்தால் அடுப்பில் என்ன வைப்பது என்றே தெரியாமல் நிற்கிறோம். அந்தப் பாரத்தைத் தாளில் இறக்கி வைத்து, ஆளுக்கு ஒரு வேலையைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்வதும் இந்த ஏற்பாட்டில் சேர்ந்தது. அடகுச் சீட்டை நான் ஒளித்து வைத்தது போல, சில வீடுகளில் பெண்கள் குழுக்கடனை ஒளித்து வைக்கிறார்கள். இரு பக்கமும் பயம்தான் காரணம். அந்தப் பயத்தை விடும்படி வீட்டில் முதலில் பேச வேண்டியவர் ஆண்.

இன்னொன்று. ஏற்பாட்டைச் சாட்டையாக ஆக்கிவிடாதீர்கள். சுவரில் அட்டவணை ஒட்டி, பிள்ளை ஒருநாள் தவறினால் அடித்து, மனைவியிடம் தினமும் கணக்குக் கேட்டால், ஒரு மாதத்தில் எல்லோரும் அதை வெறுப்பார்கள். பிலால் (ரலி) சம்பவத்தை நினையுங்கள்.

இதெல்லாம் தவக்குலுக்கு எதிரானதா என்று ஓர் இளைஞர் போன மாதம் என்னிடம் கேட்டார். ஒட்டகத்தைக் கட்டிப்போட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. நான் ஒட்டகத்தைக் கட்டவில்லை. கட்டாமல் விட்டுவிட்டு "நஸீபு" என்று சொல்லிக்கொண்டேன்.

இன்றைக்கு இரவு

மரண சாசனம் எழுத வேண்டிய விஷயம் உள்ள முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கழிப்பது தகாது என்ற கருத்தில் இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் இருக்கிறது. அதைக் கேட்ட நாளிலிருந்து தம்மிடம் எழுதிய சாசனம் இல்லாமல் ஓர் இரவும் கழியவில்லை என்று அவர்கள் சொன்னதாகவும் வருகிறது. ஆகவே நான் ஒரே ஒரு வேலை கேட்கிறேன். அதுவும் இன்று இரவே.

ஒரு தாள் எடுங்கள். நாம் யாருக்குத் தர வேண்டும், எவ்வளவு, எந்தத் தேதி. நமக்கு யார் தர வேண்டும். யாருடைய அமானத் நம்மிடம் இருக்கிறது. அடகு வைத்த நகை எங்கே, சீட்டு எங்கே, தவணை என்றைக்கு. மனைவிக்குத் தர வேண்டிய மஹர் பாக்கி இருந்தால் அதுவும், அதுவும் கடன்தான். பத்திரம், ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம் எந்தப் பெட்டியில். வங்கிக் கணக்கில் நாமினி பெயர் போட்டிருக்கிறதா. கீழே தேதி போடுங்கள். கணவனும் மனைவியும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகலை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் உதவி மேசைக்கு வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம். உங்கள் இரகசியம் எங்களிடம் அமானத்.

ஒவ்வொரு மாதமும் பிறை ஒன்றில் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். அடைந்த கடனை அடியுங்கள், புதியதைச் சேருங்கள். பத்து நிமிஷம் ஆகும். பிறை ஒன்றில் தவறிவிட்டால் நினைவு வந்த அன்று எடுங்கள்.

மவுத்து நடந்த வீட்டாருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் தாமதக் கட்டணம் இல்லை. அதைத் தவறவிட்டால் வாரிசுச் சான்றிதழ், விதவை உதவித்தொகை என்று எல்லாமே தள்ளிப்போகிறது. துக்கத்தில் இருக்கும் வீட்டாருக்கு இதெல்லாம் நினைவில் நிற்காது. பக்கத்து வீட்டில் மவுத்து நடந்தால், சாப்பாடு கொண்டுபோவதைப் போல இந்த வேலையையும் நாம் எடுத்துக்கொண்டு போகலாம்.

என் மனைவிக்கு அந்தச் சங்கிலியை நான் இன்னும் திருப்பிக் கொடுத்து முடிக்கவில்லை. எங்கள் வீட்டுத் தாளில் முதல் வரி அதுதான்: "மனைவிக்குத் தர வேண்டியது, தங்கம் ஐந்து பவுன்." வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று பவுன் கொடுத்திருக்கிறேன். இரண்டு பாக்கி. எனக்கு முன்பின் ஏதாவது ஆனால் அதைக் கொடுக்க வேண்டியது யார் என்று என் மகன் பெயர் பக்கத்தில் எழுதியிருக்கிறது. அவன் கையெழுத்தும் இருக்கிறது. "விடுங்க, எனக்கு வேண்டாம்" என்று அவர் பலமுறை சொல்லிவிட்டார். ஆனாலும் பிறை ஒன்றில் தாளை நான் எடுக்க மறந்தால், எடுத்து மேசையில் வைப்பவர் அவர்தான்.

யா அல்லாஹ்! கடன் பாரத்திலிருந்து எங்கள் வீடுகளைக் காப்பாற்றுவாயாக. எங்கள் அமானத்துகளை உரியவர்களிடம் சேர்க்கும் வாய்ப்பை எங்களுக்குத் தருவாயாக. சிறிதானாலும் தொடர்ந்து செய்யும் அமலை எங்களுக்கு நஸீபாக்குவாயாக. எங்கள் பிள்ளைகளை நாங்கள் சொல்லாமல் விட்ட கணக்குகளால் சோதிக்காமல் இருப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.